ஒரே தொண்டை, இரண்டு வீடுகள்

பேய்க்கதை சொல்ல இசைத்தட்டு தோதான இடமில்லை. சினிமாவில் கதவு தானாகத் திறப்பதைக் காட்டிவிடலாம். நாவலில் ஒரு மாடிப்படி ஏறுவதற்கே பத்துப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். நாற்பது நிமிடத் தட்டில் அந்த வசதி எதுவும் கிடையாது. அதிலும் ஹெவி மெட்டல் என்றால் கிட்டார் சோலோக்களுக்கு இடம் விட வேண்டும், டிரம்ஸ் ஓய வேண்டும், பல்லவி திரும்பத் திரும்ப வந்துபோக வேண்டும். மிச்சமிருக்கும் சந்துபொந்துகளில் புகுந்துதான் கதை நடக்க வேண்டும்.

டென்மார்க் பாடகர் கிங் டயமண்ட் இதை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில் செய்தார். 1987இல் ‘அபிகேல்’, 1988இல் ‘தெம்’ (அவர்கள்). இரண்டும் ஒரே நிறுவனமான ரோட்ரன்னரின் வெளியீடு. இரண்டிலும் முன்னணி கிட்டார் ஆண்டி லராக், டிரம்ஸ் மிக்கி டீ. இரண்டிலும் ஒரு பழைய வீடு, ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தை அழிக்கும் ஏதோ ஒன்று. இத்தனை ஒத்துப்போயும் இரண்டும் தரும் பயம் வேறு வேறு. ‘அபிகேல்’ உயர்ந்தது என்பதே பெரும்பாலான ரசிகர்களின் முடிவு. இசையை மட்டும் எடைபோட்டால் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பயமுறுத்துவது ‘தெம்’. காரணம் அதில் வரும் பேய்கள் அல்ல, கதையை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்பது.

கிங் டயமண்டின் இயற்பெயர் கிம் பெண்டிக்ஸ் பீட்டர்சன், பிறந்தது 1956இல். முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம், கையில் எலும்புகளைக் குறுக்காகக் கட்டிச் செய்த மைக் பிடி. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் மெர்சிஃபுல் ஃபேட் குழுவின் பாடகர். ‘மெலிஸா’ (1983), ‘டோன்ட் பிரேக் த ஓத்’ (1984) என்ற அவர்களுடைய இரண்டு தட்டுகள் பின்னால் வந்த மெட்டல்காரர்கள் பலருக்குப் பாடப்புத்தகம். மெட்டாலிகா 1998இல் அவர்களுடைய பாடல்களைக் கோத்து ஒரே நீண்ட பாடலாகப் பதிவு செய்து கடனை அடைத்தது. மெர்சிஃபுல் ஃபேட் பாடல்களில் சூனியமும் சாத்தானும் நிறைய உண்டு. அமெரிக்காவில் அரசியல்வாதிகளின் மனைவிமார் தொடங்கிய பெற்றோர் அமைப்பு ஒன்று 1985இல் ஆட்சேபத்துக்குரிய பதினைந்து பாடல்கள் என்று பட்டியல் போட்டபோது அதில் இவர்களுடைய பாடலும் ஒன்று. ஆனாலும் அவை தனித்தனிப் பாடல்கள். ஒரு சடங்கு, ஒரு சாபம், அதோடு சரி.

குழு 1985இல் உடைந்ததும் தன் மேடைப் பெயரையே புதுக் குழுவுக்கும் வைத்துக்கொண்டார். முதல் தட்டான ‘ஃபேட்டல் போர்ட்ரெயிட்’டில் (1986) சில பாடல்களைச் சேர்த்து ஒரு கதை சொல்லிப் பார்த்தார், மற்றவை உதிரி. அது ஒத்திகை. முழுக்கதை அடுத்த ஆண்டு வந்தது.

‘அபிகேல்’ இறுதிச் சடங்கில் தொடங்குகிறது. ஒன்றரை நிமிடம்தான், பாட்டுகூட இல்லை, பாதிரியின் உருமாறிய குரலில் ஓர் அறிவிப்பு. அபிகேல் என்ற குழந்தையைச் சவப்பெட்டியோடு சேர்த்து ஏழு வெள்ளி ஆணிகளால் அறைய வேண்டும். புயத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என இருபுறமும் ஆறு. ஏழாவது ஆணி வாய்க்குள். அவள் 1777 ஜூலை 7இல் ‘முதல்முறை’ இறந்து பிறந்தவள் என்கிறார் பாதிரி. முதல்முறையா? அப்படியானால் இது எத்தனையாவது முறை? முதல் தடவை கேட்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. தட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடவிடும்போதுதான் உறைக்கும், நாம் கேட்டுக்கொண்டிருப்பது கதையின் கடைசிக் காட்சி.

பிறகு கதை 1845 கோடைக்குத் தாவுகிறது. ஜோனதன் லாஃபே என்ற இளைஞனும் அவன் மனைவி மிரியமும் அவனுக்கு வாரிசுரிமையாக வந்த மாளிகைக்குக் குடிவருகிறார்கள். வழியில் ஏழு கறுப்புக் குதிரைவீரர்கள் மறித்து, திரும்பிப் போய்விடு, போகாவிட்டால் பதினெட்டு ஒன்பதாகும் என்று விடுகதை போடுகிறார்கள். ஜோனதன் கேட்கவில்லை, பேய்க்கதையில் எச்சரிக்கையைக் கேட்டவன் எவன்? மாளிகையில் குடும்பத்தின் மூதாதையான பிரபுவின் ஆவி அவனை நிலவறைக்கு அழைத்துப்போய் ஒரு சிறிய சவப்பேழையைக் காட்டுகிறது. 1777இல் தன் மனைவியின் வயிற்றில் வளர்வது தன் குழந்தை இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பிரபு அவளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டான். அவள் செத்தாள், குழந்தை இறந்தே பிறந்தது. அந்தக் குழந்தையின் ஆவி இப்போது மிரியத்துக்குள் இருக்கிறது, அது மறுபடி பிறப்பதைத் தடுக்க வேண்டுமானால் உன் மனைவியைக் கொன்றுவிடு என்கிறது மூதாதையின் ஆவி. ஒரு கொலைகாரன் பேரனுக்குச் சொல்லும் யோசனை வேறு எப்படி இருக்கும்?

இதற்குப் பின் நடப்பதெல்லாம் சுற்றிவிட்ட கடிகாரம்போல. யாருமில்லாத தேவாலயத்தில் மணி அடிக்கிறது. இருவர் மட்டுமே வாழும் வீட்டில் சாப்பாட்டு மேசை மூவருக்குப் பரப்பிக்கிடக்கிறது. பூக்கள் வாடுகின்றன. மிரியத்தின் வயிறு நாள்கணக்கில் பெரிதாகிறது. கடைசியில் அதே மாடிப்படிக்கு வந்து சேர்கிறார்கள். அவளைத் தள்ளவேண்டும் என்று ஜோனதன் நிற்க, உள்ளிருக்கும் அபிகேல் முந்திக்கொண்டு அவனைத் தள்ளிவிடுகிறாள். குழந்தை பிறக்கிறது, தாய் சாகிறாள், குதிரைவீரர்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கும் என்பது முதல் ஒன்றரை நிமிடத்திலேயே சொல்லியாயிற்று.

ஏழாம் மாதம், ஏழாம் நாள், ஆண்டில் மூன்று ஏழு, ஏழு வீரர்கள், ஏழு ஆணிகள். எண்களை இப்படி அடுக்குவது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம் என்று தோன்றலாம். (தட்டை முடிக்கும் ‘பிளாக் ஹார்ஸ்மென்’ ஏழரை நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடுகிறது, ஏழரை என்றதும் நமக்கு நினைவு வருவது வேறு ஆள், அவரைப் பற்றி டென்மார்க்கில் யாருக்கும் தெரிந்திருக்காது.) ஆனால் அந்த அடுக்கு வீண் அலங்காரம் இல்லை. இந்தக் கதையில் எல்லாம் முன்பே கணக்குப் பார்த்து முடிந்துவிட்டது என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. ‘அபிகேல்’ விதியின் கதை. பேய் உண்டா இல்லையா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. உண்டு, பேர் இன்னது, பிறந்த தேதி இது. கேட்பவர் நாடக அரங்கில் பத்திரமாக உட்கார்ந்து பார்க்கிறார்.

இசையும் அதற்கேற்ற கட்டடம். கோபன்ஹேகனின் சவுண்ட் டிராக் ஸ்டூடியோவில் பதிவானது. லராக்கின் கிட்டார் மேற்கத்திய சாஸ்திரிய இசையின் சாயலோடு ஏறி இறங்கும். மெர்சிஃபுல் ஃபேட்டிலிருந்து உடன்வந்த மைக்கேல் டென்னரின் கிட்டாரில் எழுபதுகளின் ராக் மணம் இன்னும் ஒட்டியிருக்கும். ஒருவர் ஓடும் இடத்தில் மற்றவர் நிதானிக்கிறார். கீழே டிமி ஹான்சனின் பாஸ் தரையை இறுக்கிப் பிடித்திருக்க, அதன்மேல் மிக்கி டீ விளையாடுகிறார். (பின்னாளில் மோட்டர்ஹெட்டில் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் இடியாக முழங்கியவர் இவர்தான்.) ‘த செவன்த் டே ஆஃப் ஜூலை 1777’ என்ற பாடல் மின்சாரமில்லாத கிட்டாரின் மென்மையான மீட்டலில் தொடங்குகிறது. கொலையைச் சொல்லப்போகும் பாட்டுக்கு எதற்கு இவ்வளவு அழகான முகப்பு என்று யோசிப்பதற்குள் ரிஃப் வந்து விழுகிறது. சோலோக்கள் கதையை நிறுத்துவதில்லை. மாளிகையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் நடைபோல அவை அமைந்திருக்கின்றன.

‘தெம்’ மாளிகையை விட்டுச் சாதாரண வீட்டுக்கு வருகிறது. சாதாரணம் என்றாலும் அந்த வீட்டுக்கு ‘ஆமன்’ என்று ஒரு பெயர் உண்டு. அதில் ஒரு அம்மா, ஒரு பையன், அவன் தங்கை மிஸ்ஸி. மனநல விடுதியில் நெடுநாள் இருந்த பாட்டி வீடு திரும்புகிறாள். பையன் பெயர் கிங். பாடகர் தன் பெயரையே பாத்திரத்துக்குக் கொடுத்து, கதை முழுவதையும் ‘நான்’ என்று சொல்கிறார். ‘அபிகேல்’ வெளியிலிருந்து ‘அவர்கள்’ என்று சொன்ன கதை. இங்கே ‘அவர்கள்’ என்பது தலைப்பாகவும் பேயின் பெயராகவும் மாறிவிட, கதை சொல்லும் இடத்தில் ‘நான்’ வந்து உட்காருகிறது.

தட்டின் மிகச் சிறந்த காட்சி ஒரு தேநீர் விருந்து. பாட்டி தனியாக இருக்கும் அறையிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. பையன் எட்டிப் பார்க்கிறான். கோப்பைகள் அந்தரத்தில் மிதக்கின்றன, விருந்தாளிகளைக் காணோம். ஓர் இரவு பாட்டி அவனை எழுப்பி வீட்டின் ரகசியத்தைச் சொல்கிறாள். அந்தத் தேநீரில் கலக்கும் ரத்தம் தூங்கும் அம்மாவின் கையைக் கீறி எடுத்தது. பையன் அந்த விருந்தில் ஆளாகச் சேர்ந்துவிடுகிறான். அம்மா நாளுக்கு நாள் நலிகிறாள், அவனுக்கு அது உறைப்பதே இல்லை. உறைப்பது தங்கைக்கு மட்டும். அவள் தேநீர்ப் பானையை உடைக்கிறாள், அதற்கு உயிரை விலையாகக் கொடுக்கிறாள். ‘பை பை மிஸ்ஸி’ என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். குழந்தை விளையாட்டின் தொனியில் ஒரு கொலை. வீட்டுக்கு வெளியே போனபின் மயக்கம் தெளிந்த பையன் பாட்டியைக் கொல்கிறான். அவன் சொல்வதைக் காவல்துறையும் நம்பவில்லை, லாண்டாவ் என்ற மருத்துவரும் நம்பவில்லை. பாட்டி வெளியேவந்த அதே விதமான இடத்துக்கு அவன் உள்ளே போகிறான்.

இப்போது கதையை மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் ஒரு மூதாட்டி கொல்லப்பட்டிருக்கிறாள், ஒரு சிறுமி கொல்லப்பட்டிருக்கிறாள், ஒரு பெண் ரத்தமிழந்து கிடக்கிறாள், உயிரோடு நடமாடும் ஒரே ஆள் இந்தப் பையன். கண்ணுக்குத் தெரியாதவர்கள் செய்தார்கள் என்கிறான். ‘அபிகேல்’ கதையில் இப்படி நாற்காலி மாற்றிப் பார்க்கவே முடியாது. ‘தெம்’மில் முடிகிறது. ஒருமுறை முடிந்துவிட்டால் முன்போலக் கேட்க முடியாது.

கிங் டயமண்டின் தொண்டையைப் பற்றிப் பேசாமல் இதை விளக்க முடியாது. அவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார், நடுக்குரலில் கதை சொல்வார், சட்டென்று உச்சிக்குத் தாவி ஃபால்செட்டோவில் கிறீச்சிடுவார். நம் கச்சேரி ரசிகர்கள் கள்ளக்குரல் என்று முகம் சுளிக்கிற அந்தக் குரல்தான் அவருடைய மூலதனம். அதைப் பல அடுக்குகளாகப் பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்று படியவிடுவார். இரண்டு தட்டுகளிலும் எல்லாப் பாத்திரத்துக்கும் இவரே குரல். கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே துரியோதனனாகத் தொடை தட்டி, அடுத்த வரியில் திரௌபதியாக விம்முவாரே, அந்த வித்தைதான்.

‘அபிகேல்’ தட்டில் அந்த வித்தை வித்தையாகவே நிற்கிறது. தலைப்புப் பாடலில் ஜோனதன் தாழ்ந்த குரலில் கேட்க, மிரியத்தின் உடம்புக்குள்ளிருந்து அபிகேல் உச்சஸ்தாயியில் பதில் சொல்கிறாள். இரண்டு பேர் இரண்டு உயரத்தில். யார் பேசுகிறார்கள் என்பதில் குழப்பமே இல்லை, ரசித்துக் கைதட்டலாம். ‘தெம்’ தட்டிலும் அதேதான் செய்கிறார்: பாட்டிக்கு நடுங்கும் கீச்சுக்குரல், மிஸ்ஸிக்கு மழலை, தனக்குத் தன் குரல். ஆனால் இங்கே கதை சொல்பவனின் பெயரும் கிங். பாட்டியின் குரல், தங்கையின் குரல், கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளின் கிசுகிசுப்பு, அத்தனையும் கிங்கின் வாயிலிருந்து வருகின்றன. எல்லாக் குரலையும் அவரே பாடும் ஏற்பாடு இங்கே கதைக்குள் நுழைந்துவிடுகிறது. இந்த வீட்டில் ஒரு குரல்தானே இருக்கிறது, மற்றவர்கள் எங்கே?

அவர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டால், எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ‘அவர்கள்’ நிஜம் என்று கேட்கிறவர்களுக்கும் தட்டு முழு நியாயம் செய்கிறது. ஆனால் சந்தேகத்தோடு கேட்கிறவருக்கு எதிராக ஒரு வரிகூட சாட்சி சொல்வதில்லை. மேடையில் இது இன்னும் துலக்கமாகும். ‘அவுட் ஃப்ரம் தி அசைலம்’, ‘வெல்கம் ஹோம்’ பாடல்களுக்குச் சக்கர நாற்காலியில் பாட்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஒரு நடிகை அந்த வேடத்தில் இருப்பார். அவர் பாடுவதில்லை. பாட்டி உட்கார்ந்திருக்க, பாட்டியின் குரல் எலும்பு மைக்கின் பின்னால் நிற்கும் பேரனிடமிருந்து வருகிறது. தட்டைக் கேட்டபோது ஊகமாக இருந்தது இங்கே கண்முன் நடக்கிறது.

இதற்காக ‘தெம்’மின் குறைகளை மன்னித்துவிட வேண்டியதில்லை. டென்னரும் ஹான்சனும் போய், பீட் பிளாக்கும் ஹால் பட்டினோவும் வந்திருந்தார்கள். பிளாக் வேகக்காரர், லராக்கும் வேகக்காரர். ‘அபிகேல்’ தட்டில் இரண்டு கிட்டார்களுக்கு இடையே இருந்த வண்ண வேறுபாடு இங்கே மங்கிவிட்டது. உரையாடலுக்கு வழிவிடுவதற்காகப் பாடல்கள் அங்கங்கே துண்டுபடுகின்றன. ‘த இன்விசிபிள் கெஸ்ட்ஸ்’ தனியாக எடுத்துக் கேட்டாலும் நிற்கும். பின்பாதியில் வரும் சில பாடல்களைக் கதையிலிருந்து பிரித்தால் சாய்ந்துவிடும். ‘அபிகேல்’ தட்டிலிருந்து எந்தப் பாட்டை உருவி எடுத்தாலும் அது சொந்தக் காலில் நடக்கும். ஆனாலும் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் ‘அபிகேல்’ 123ஆம் இடம்வரை போக, ‘தெம்’ 89ஆம் இடத்தைத் தொட்டது. முந்தைய தட்டு சேர்த்துவைத்த பேரும் இதில் சேர்ந்திருக்கும்.

அந்த 1988ஆம் ஆண்டே கதைத் தட்டுகளுக்கு நல்ல ஆண்டு. அயர்ன் மெய்டனின் ‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’, குவீன்ஸ்ரைக்கின் ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ இரண்டும் அப்போதுதான் வந்தன. இரண்டுமே ‘தெம்’மைவிடப் பெரிய தட்டுகள், பெரிய விஷயங்களைப் பேசியவை. ஒரு தேநீர்ப் பானையை வைத்துக்கொண்டு வயிற்றைக் கலக்கும் காரியத்தை அவை செய்யவில்லை.

இரண்டு கதைகளுக்கும் தொடர்ச்சி வந்தது. அதிலும் வேறுபாடு தெரிகிறது. ‘தெம்’முக்கு மறு ஆண்டே, 1989இல், ‘கான்ஸ்பிரசி’ வந்தது. விடுதியிலிருந்து வந்த கிங், லாண்டாவும் தன் அம்மாவும் சேர்ந்து தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்கிறான். சதி உண்மையாகவும் இருக்கலாம். தனக்கு எதிராக எல்லோரும் சதி செய்கிறார்கள் என்று சொல்கிறவனை மருத்துவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆக, சந்தேகம் தீரவில்லை, ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் பரவியது. ‘அபிகேல்’ கதைக்குத் தொடர்ச்சி 2002இல்தான் வந்தது. அதற்காக ஏழு ஆணிகளோடு முடிந்த விஷயத்தை மறுபடி பிடுங்க வேண்டியிருந்தது. அபிகேல் சாகவில்லை, மாடிப்படியில் உருண்ட ஜோனதனும் சாகவில்லை, அவள் வளர்ந்து மாளிகைக்குத் திரும்புகிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதியின் கதையில் ஒரு ஆணி கழன்றால் எல்லா ஆணியும் கழன்றதுபோலத்தான். பதினைந்து ஆண்டுகளாக அந்த முதல் ஒன்றரை நிமிடத்துக்கு இருந்த கனம் இதனால் குறைந்துபோயிற்று.

கிங் டயமண்ட் 2015இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ‘அபிகேல்’ தட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை மேடையில் நிகழ்த்தினார். இதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. உச்சிக்குரல் அப்படியே இருந்தது. புதிதாகக் கேட்க வருகிறவர்களும் அதிலிருந்தே தொடங்கலாம். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும், ஃபால்செட்டோவில் பாதிச் சொற்கள் காதில் விழாது. ‘தெம்’ தட்டைக் கொஞ்ச நாள் கழித்து, முதல் தடவையாவது வரிகளைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். எந்தக் குரல் யாருடையது என்பது குழம்பினால் குழம்பட்டும்.